முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் வீக்கம்: குறைப்பது எப்படி, அஞ்ச வேண்டியது எப்போது?

புது தில்லி: அப்போதைய பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாய் 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் இடது முழங்காலிலும், 2001-ஆம் ஆண்டு ஜூனில் வலது முழங்காலிலும் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் செயற்கை மூட்டு பொருத்திக்கொண்டபோது, அந்தச் சிகிச்சை நாட்டின் பெரும்பாலான வீடுகளுக்குப் புதிய செய்தியாகவே இருந்தது. இன்று நிலைமை வேறு. 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு விலை அறிவித்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட்-குரோமியம் வகைக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. நடுத்தரக் குடும்பங்களிலும் இப்போது இந்தச் சிகிச்சை பழக்கமான ஒன்றாகிவிட்டது. ஆனால், அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரின் கால் மறுநாள் காலையில் தூண்போல் வீங்கியிருந்தால் என்ன செய்வது என்பதில் இன்னமும் பெருங்குழப்பம் நிலவுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்த வீக்கம், பெரும்பாலும், சிகிச்சை தவறியதன் அடையாளம் அன்று. எலும்பை அறுத்து, தசைகளையும் மூட்டுச் சவ்வையும் விலக்கிச் செய்யப்படும் சிகிச்சை என்பதால், இரத்தமும் நீரும் மூட்டுக்குள்ளும் சுற்றியுள்ள திசுக்களிலும் தேங்குகின்றன. வீக்கம் உச்சம் தொடுவது அறுவை சிகிச்சை நாளன்று அன்று. ஏறத்தாழ முதல் வாரத்தின் இறுதியில்தான். இப்போது பல மருத்துவமனைகள் மூன்று, நான்கு நாள்களிலேயே நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. ஆகவே, 'மருத்துவமனையில் நன்றாக இருந்த கால், வீட்டுக்கு வந்ததும் வீங்கிவிட்டதே' என்று குடும்பத்தினர் பதறுகின்றனர். தொடையில் தேங்கிய இரத்தம் புவியீர்ப்பால் கீழிறங்கி, கெண்டைக்காலிலும் கணுக்காலிலும் நீலமும் மஞ்சளுமாகத் தெரிவதும் இதே காலத்தில்தான்.

முதல் சில நாள்கள் அல்லது வாரங்களுக்கு மிதமானது முதல் கடுமையானது வரையிலான வீக்கமும், அதன்பின் 3 முதல் 6 மாதங்கள் வரை லேசான அல்லது மிதமான வீக்கமும் இருக்கக்கூடும் என்று அமெரிக்க எலும்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர்கள் அமைப்பு நோயாளிகளுக்கு விளக்குகிறது. காலையில் குறைந்து மாலையில் கூடுவதும் வழக்கமே.

இயல்பானது என்பதற்காக அதை அப்படியே விட்டுவிடலாகாது. மூட்டுக்குள் நீர் தேங்கினால், தொடையின் முன்புறத் தசையை இயக்கும் நரம்புச் சமிக்ஞைகள் தடைபடுகின்றன. மூட்டினுள் 20 முதல் 30 மில்லிலிட்டர் திரவம் சேர்ந்தாலே, அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவே, அத்தசையின் உட்பகுதி சோர்ந்துவிடுவது ஆய்வில் அறியப்பட்டுள்ளது. நோயாளி எவ்வளவு முயன்றாலும் காலை நேராக உயர்த்த இயலாமல் போவதற்கு மனத்தளர்ச்சியோ சோம்பலோ காரணமாக இருக்க வேண்டியதில்லை. வீக்கம் வடிந்தால்தான் தசை விழிக்கும். தசை விழித்தால்தான் நடை திரும்பும்.

வடியச் செய்யும் வழிகளில் எளியதும் செலவற்றதும் காலை உயர்த்தி வைப்பதே. ஆனால் நம் வீடுகளில் பெரிதும் தவறாகச் செய்யப்படுவதும் அதுதான். நாற்காலியில் அமர்ந்து, முன்னால் ஒரு முக்காலியில் காலை நீட்டுவது போதாது. கால் இருதயத்தின் மட்டத்துக்கு மேல் இருந்தால்தான் தேங்கிய நீர் திரும்பும். கட்டிலில் மல்லாந்து படுத்து, கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் அடியில் தலையணைகளை அடுக்க வேண்டும். முழங்காலுக்கு நேர் கீழே தலையணை வைப்பது சுகமாகத் தோன்றும். ஆனால் அந்த மடிந்த நிலையிலேயே மூட்டு இறுகி, பின்னாளில் காலை முழுவதுமாக நீட்ட முடியாமற்போகும். நலம் விசாரிக்க வரும் உறவினர்களுக்காக மணிக்கணக்கில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருப்பதும் வீக்கத்தைக் கூட்டும். வந்தவர்களைப் படுத்தபடியே வரவேற்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

உயர்த்தி வைத்த நிலையிலேயே பாதத்தை முன்னும் பின்னுமாக அசைப்பது அடுத்த படி. கெண்டைக்கால் தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் சிரைகளில் உள்ள இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு முறை சில நிமிடங்கள் இவ்வாறு செய்யுமாறு இயன்முறை மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர்.

பனிக்கட்டி ஒத்தடம் பரவலாகப் பரிந்துரைக்கப்பட்டாலும், அதன் பயன் அளவானதே. மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பிந்தைய குளிர் ஒத்தடம் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் அமைப்பு, 2012-இல் அதன் நன்மை சிறிதே என்றும் சான்றுகள் வலுவாக இல்லை என்றும் கூறியது. எனினும் வலி தணிவதால் பயிற்சி செய்வது எளிதாகிறது. ஒரு முறைக்கு 15 முதல் 20 நிமிடம், துணியில் சுற்றி மட்டுமே வைக்க வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. தையலின் வெளிப்புறத்தில் தோல் மரத்திருப்பது இந்தச் சிகிச்சைக்குப் பின் சாதாரணம். நுண்ணிய நரம்புக் கிளை அறுபடுவதே காரணம். ஆதலால் பனிக்கட்டி தோலைப் புண்ணாக்கினாலும் நோயாளி உணரமாட்டார். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பயன்படுத்தலாம். தையலும் அதன்மேல் உள்ள கட்டும் நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெந்நீர் ஒத்தடத்தை முதல் வாரங்களில் தவிர்க்க வேண்டும். வெப்பம் இரத்த ஓட்டத்தைக் கூட்டி வீக்கத்தைப் பெருக்கும். மஞ்சள் பற்றும் இலைக் கட்டும் ஆறாத தையலுக்கு அருகே வரவே கூடாது.

அழுத்தக் காலுறை, எலாஸ்டிக் கட்டு ஆகியவற்றை மருத்துவர் சொன்ன அளவில் மட்டுமே அணிய வேண்டும். முழங்காலைச் சுற்றி மட்டும் இறுக்கிக் கட்டினால் அதற்குக் கீழே பாதம் வீங்கும். கட்டு பாதத்தில் தொடங்கி மேலேற வேண்டும். காலுறையின் மேல்விளிம்பு சுருண்டு வளையமாக இறுகாமல் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு நடப்பது என்ற கேள்விக்கு வீக்கமே விடை சொல்லும். தினமும் காலையில், ஒரே நேரத்தில், தையல்காரரின் அளவு நாடாவால் முழங்கால் சில்லின் நடுவே சுற்றளவை அளந்து குறித்துக்கொள்ளலாம். முந்தைய நாளைவிட அளவு தெளிவாகக் கூடியிருந்தால், நேற்றைய நடையோ பயிற்சியோ மிகுதி என்று பொருள்; அன்று சற்றே குறைத்துக்கொள்ள வேண்டும். அடியோடு நிறுத்திப் படுத்துவிடுவது தீர்வன்று. அசையாத காலில்தான் இரத்தம் உறையும்.

அந்த உறைவே இங்கு உண்மையான ஆபத்து. காலின் ஆழ்சிரைகளில் உருவாகும் இரத்தக் கட்டி பிரிந்து நுரையீரலை அடைந்தால் உயிர் போகலாம். இதைத் தடுக்கவே அறுவை சிகிச்சைக்குப் பின் ஊசியோ மாத்திரையோ தரப்படுகிறது. கால் நன்றாக இருக்கிறதே என்று அதை இடையில் நிறுத்தக் கூடாது. தில்லியில் 23 வயது இளைஞர் ஒருவருக்கு நேர்ந்தது 2017-இல் செய்தியானது. கணுக்கால் காயத்துக்காகப் போடப்பட்ட மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் வலியும் வீக்கமும் நீடித்ததால், தாயார் அன்போடு எண்ணெய் தேய்த்து நீவிவிட்டார். சிரையிலிருந்த இரத்தக் கட்டி நகர்ந்து நுரையீரல் தமனியை அடைத்தது. எய்ம்ஸ் மருத்துவர்களின் உடற்கூறாய்வில் காரணம் தெரியவந்தது. அது முழங்கால் சிகிச்சை அன்று எனினும், படிப்பினை பொருந்தும்: வீங்கிய கெண்டைக்காலை, மருத்துவர் பார்க்கும் முன் எவரும் பிசைந்துவிடக் கூடாது.

எப்போது அஞ்ச வேண்டும்? உயர்த்தி வைத்தும் குறையாத புதிய வீக்கம், கெண்டைக்காலில் அழுத்தினால் வலி, ஒரு காலில் மட்டும் வெப்பமும் சிவப்பும் ஆகியவை இரத்த உறைவைச் சுட்டலாம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தையலிலிருந்து நீரோ சீழோ வடிவது, நாளுக்கு நாள் பரவும் சிவப்பு, குளிர்காய்ச்சல் ஆகியவை தொற்றின் அறிகுறிகள். அப்போது மருந்துக் கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கி உண்பது, எந்தக் கிருமி என்று கண்டறியும் வாய்ப்பைக் கெடுத்துவிடும்.

இரு கால்களும் ஒருசேர வீங்கினால் காரணம் மூட்டாக இல்லாமலும் இருக்கலாம். இரத்த அழுத்தத்துக்கு நம் நாட்டில் மிகுதியாக வழங்கப்படும் அம்லோடிபின் மாத்திரையே கணுக்கால் வீக்கத்தை உண்டாக்கக்கூடியது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை அளவின்றி விழுங்கினால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு உடலில் நீர் தேங்கும். இருதயம், சிறுநீரகம் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டிய கட்டம் அது. எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தாமல், உட்கொள்ளும் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. நாடு முழுவதற்குமான 112 அல்லது பல மாநிலங்களில் இயங்கும் 108 அவசர எண்ணை உடனே அழைக்க வேண்டும். அறுவை சிகிச்சை நடந்த தேதியையும், இரத்த உறைவைத் தடுக்கத் தரப்பட்ட மருந்தின் பெயரையும் முதலிலேயே சொல்ல வேண்டும். மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சீட்டில் இவ்விரண்டும் இருக்கும் என்பதால், அதைக் கட்டிலருகே எளிதில் எடுக்கும் இடத்தில் வைத்திருப்பது உதவும்.