மலையும் மருந்தும் – 9: நோயாளிக்கு ஒரு நாற்காலி

அம்மாயி கொழுந்துக் கூடையோடு விழுந்தது ஐப்பசி மழையில். கான் ஓரம் வழுக்கியபோது வலது கையை ஊன்றிவிட்டார். மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டரையா தொட்டுப் பார்த்துவிட்டு, "கண்டிக்குக் கொண்டுபோய்ப் படம் எடுக்கணும்" என்றார். தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. அப்பா கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். பிறகு அம்மாயியை எல்கடுவயிலிருந்து வத்தேகமப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏற்றி, முறிவு நெரிவு பார்க்கும் வெதமாத்தயா வீட்டுக்குக் கூட்டிப் போனார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அழுது அடம்பிடித்து நானும் கூடப் போனேன்.

அந்த விறாந்தையில் எண்ணெய் வாசம் நெஞ்சை அடைத்தது. வெதமாத்தயா கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் அம்மாயியின் கையை முழங்கையிலிருந்து மெல்லத் தடவிக்கொண்டே வந்தார். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை தள்ளி விரல் நின்றது. "எந்தக் கங்காணி செட்டு?" என்று தமிழில் கேட்டார். அம்மாயி பதில் சொல்ல வாயைத் திறந்தபோது இழுத்தார். ஒரு சத்தம். அதற்குப் பிறகு பச்சிலை அரைப்பு, துணிச்சுற்று, மூங்கில் சிம்பு, மறுபடி துணி. "ஒரு மாசம் கொழுந்து எடுக்க வேணாம் அம்மா" என்றார். "ஒரு மாசத்துப் பேரு யாரு சாமி போடுவா?" என்று அம்மாயி கேட்டார். பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. அதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை.

கட்டுப் போடும் நேரமெல்லாம் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் முத்திரை குத்திய ஒரு கடதாசி. சிங்கள எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்துவிட்டுத் திரும்பிவந்து அம்மாயியிடம் சொன்னார்: "பதிஞ்சவருதான்."

பதிஞ்சவர். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் மலைநாட்டில் நாம் கையை நீட்டுகிறோம், பிள்ளையைக் கொடுக்கிறோம். பதிகிறவர் யார், பதிய வேண்டாம் என்று சொல்கிறவர் யார், அவர்களை அந்த நாற்காலியில் உட்காரவைத்தது யார்? இந்த வாரம் அதைத்தான் பேசப்போகிறேன்.

இலங்கையில் வைத்தியருக்கு ஒரே பதிவேடு கிடையாது. அம்மாயியின் கையைக் கட்டியவர் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வருகிறவர். பெயர் ஆயுர்வேதம் என்றாலும் சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை என்று சொல்லப்படும் பரம்பரை வைத்தியம் எல்லாம் அந்தச் சட்டத்துக்குள் அடக்கம். அதன் கீழ் இயங்கும் ஆயுர்வேத மருத்துவ சபையில் பொது வைத்தியர் பதியலாம். தகப்பன் வழியாக ஒரே ஒரு கலையைக் கற்றவரும் அந்தத் துறைக்கு மட்டும் பதியலாம். சிங்களத்தில் 'கெடும் பிந்தும்' என்கிற முறிவு நெரிவு அப்படி ஒரு துறை. விஷக்கடி இன்னொன்று. பரம்பரையாக வந்த கைக்கு அரசாங்கம் ஒரு எண் கொடுத்து, 'இவர் எலும்பைத் தொடலாம்' என்று எழுதிக்கொடுக்கிறது. இது சின்னக் காரியம் இல்லை. உலகத்தின் பல நாடுகளில் எலும்பு கட்டுகிற பரம்பரை வைத்தியர் சட்டத்தின் கண்ணில் இல்லவே இல்லை.

கண்டியில் படம் எடுத்திருந்தால் அம்மாயி போய்ச் சேர்ந்திருப்பது வேறொரு பதிவேட்டில் உள்ளவரிடம். 1927இன் மருத்துவக் கட்டளைச் சட்டம் அந்தப் பதிவேட்டுக்கு அடிப்படை. அதைக் காப்பது இலங்கை மருத்துவ சபை. அலுவலகம் கொழும்பு நொரிஸ் கெனல் வீதியில். பட்டம் வாங்கினால் மட்டும் போதாது. முதலில் தற்காலிகப் பதிவு, ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி, அதன் பிறகே முழுப் பதிவு. வெளிநாட்டில் படித்து வந்தவருக்கு அதற்கு முன் தனிப் பரீட்சை. இன்னும் பலர் அதை 'அக்ட் சிக்ஸ்டீன்' என்றே சொல்கிறார்கள்.

அந்தச் சபையின் மேசையைச் சுற்றி யார் யார்? தலைவரைச் சுகாதார அமைச்சர் நியமிக்கிறார். இன்னும் சிலரும் அமைச்சரின் நியமனம். சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம் பதவி வழியாக வருகிறார். மருத்துவ பீடங்களுக்கு இடம் உண்டு. பதிவுபெற்ற டாக்டர்மார் வாக்குப் போட்டுத் தங்களுக்குள் சிலரைத் தெரிவுசெய்கிறார்கள். பல் வைத்தியருக்கு ஒரு பிரதிநிதி. பழைய அப்போதிக்கரிமாரின் வழிவந்த உதவி மருத்துவர்களுக்கும் ஒரு பிரதிநிதி. நோயாளிக்கு என்று சட்டம் ஒதுக்கிய நாற்காலி ஒன்றுகூட இல்லை.

அமைச்சருக்கும் சபைக்கும் நடுவில் கயிறிழுப்பு நடப்பதை நாம் இரண்டு தடவை கண்ணால் பார்த்தோம். மாலபேயில் இருந்த சைட்டம் தனியார் மருத்துவக் கல்லூரிப் பட்டதாரியைப் பதிய முடியாது என்றது கார்லோ பொன்சேகா தலைமையிலான சபை. 2017 ஜனவரி 31இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பதியச் சொன்னது. 2018 செப்டம்பரில் உயர் நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. நடுவில் எத்தனை வேலைநிறுத்தம்! யார் வென்றார், யார் தோற்றார் என்று பத்திரிகைகள் எழுதின. பூட்டிக்கிடந்த கிளினிக் வாசலில் பிரஷர் மாத்திரை கொப்பியோடு நின்றவர்களை யாரும் எழுதவில்லை. பிறகு 2021 தொடக்கத்தில் சபைத் தலைவர் ஹரேந்திர டி சில்வாவை அன்றைய அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சி நீக்கி, வஜிர திசாநாயக்கவை நியமித்தார். அந்த மாற்றம் சரியா பிழையா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஒரு அமைச்சர் நினைத்தால் தலைவர் மாறும் என்ற அமைப்பே எனக்குப் பயமாக இருக்கிறது. அரசியல்வாதியின் கை ஒரு பக்கம், தொழிலின் கை மறுபக்கம். நோயாளியின் கை என்று மூன்றாவது கை இல்லை.

அந்த மூன்றாவது கைக்கு இடம் கொடுப்பது முடியாத காரியம் இல்லை. அமெரிக்காவில் ஆஸ்டியோபதி என்று ஒரு மருத்துவ மரபு உண்டு. எலும்பையும் தசையையும் கையால் தொட்டுச் சரிசெய்வதில் தொடங்கியது. அண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892இல் மிசூரியின் கேர்க்ஸ்வில் ஊரில் அதற்குக் கல்லூரி திறந்தார். நம் வெதமாத்தயாவுக்கு ஒரு வகையில் தூரத்துச் சொந்தம் என்று எனக்குத் தோன்றும். இன்று அவர்கள் அறுவைச் சிகிச்சை உட்பட எல்லாம் செய்யும் முழு டாக்டர்மார். புளோரிடா மாநிலத்தில் அவர்களுக்கு உரிமம் கொடுக்கும் சபையில் ஏழு பேர். ஆளுநர் நியமித்து, மாநில செனட் ஒப்புதல் கொடுக்க வேண்டும். ஐந்து பேர் அந்தத் தொழிலைச் சேர்ந்தவர்கள். மற்ற இருவர் ஒருபோதும் எந்த மருத்துவ உரிமமும் வைத்திராத சாதாரணக் குடிமக்களாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஏழு பேரில் ஒருவருக்காவது அறுபது வயது நிரம்பியிருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை வாசித்தபோது எனக்கு அம்மாயி ஞாபகம்தான் வந்தது. பிரிட்டனின் பொது மருத்துவ சபை 1858இல் டாக்டர்மாரின் சபையாகத் தொடங்கியது. இப்போது அதில் பன்னிரண்டு பேர். சரிபாதி ஆறு பேர் டாக்டர் அல்லாதவர்கள்.

இங்கே ஒரு தோட்டத்துத் தாய் டாக்டர்மேல் முறையிட வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? சத்தியக் கடதாசி முடித்துச் சபைக்கு அனுப்ப வேண்டும். முதலில் பூர்வாங்க விசாரணைக் குழு பார்க்கும். முகாந்திரம் இருந்தால் தொழில் ஒழுக்கக் குழுவுக்குப் போகும். குற்றம் நிரூபணமானால் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். கடதாசியில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் சமாதான நீதவானைத் தேடிப் போக ஒரு நாள், எழுதுவிக்க ஒரு நாள், விசாரணைக்குக் கூப்பிட்டால் கொழும்புக்குப் போய்வர இரண்டு நாள். நாலு நாளும் பேர் இல்லை. யார் போவார்?

இதற்கு நடுவில் இன்னொருவரை மறந்துவிடுகிறோம். தோட்டத்து டாக்டரையா. நாம் அப்படிக் கூப்பிடுகிறோமே தவிர, அவர் பெரும்பாலும் தோட்ட மருத்துவ உதவியாளர். அந்த வேலை வந்த கதை பழையது. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்த தொழிலாளர் பலர் பாதையோரம் விழுந்து செத்தார்கள். 1872இலும் 1912இலும் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்று கட்டளைச் சட்டங்கள் வந்தன. அப்படி வளர்ந்த தோட்ட ஆஸ்பத்திரியில் செலவைக் கொடுத்தது தோட்டம், வேலைக்கு வைத்தது துரை. நோயாளி லீவுக்கு உரியவரா இல்லையா என்று சொல்லும் ஆளுக்குச் சம்பளம் கொடுத்ததும் அதே துரைதான். 1990களிலிருந்து அரசாங்கம் தோட்ட ஆஸ்பத்திரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பேற்றது. எல்லாத் தோட்டமும் வந்துசேரவில்லை. நல்ல டாக்டரையாமார் நிறையப் பேர் இருந்தார்கள். நடுச்சாமத்தில் லயத்துக்கு டோர்ச் லைட்டோடு நடந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பிழை விட்டால் பதில் சொல்ல வேண்டிய இடம் துரையின் ஒபிஸ். அவர்கள் சரியாகச் செய்து துரைக்குப் பிடிக்காமல் போனாலும் அதே ஒபிஸ்தான்.

நான் கேட்பது இதுதான். ஆயுர்வேத சபையானாலும் மருத்துவ சபையானாலும், டாக்டர் அல்லாத இரண்டு பேரையாவது சட்டப்படி உட்காரவைக்க வேண்டும். அதில் ஒருவர் தோட்டத்திலிருந்து வர வேண்டும். டாக்டருக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது, உண்மை. மணிக்கட்டு உடைந்தால் ஒரு மாதத்துப் பேரும் சேர்ந்து உடையும் என்பது அவருக்குத் தெரியும்.

போன மாதம் அந்த வெதமாத்தயா வீட்டுக்குப் போனேன். பெரியவர் இல்லை. மகன் பார்க்கிறார். விறாந்தையில் அதே எண்ணெய் வாசம். சுவரில் இப்போது இரண்டு சட்டங்கள். மகனுடையது எது என்று கேட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, ஆணியிலிருந்து அதைக் கழற்றி, சாரத்து முனையால் கண்ணாடியைத் துடைத்து என் கையில் கொடுத்தார். மூலையில் எண் இருந்தது. "இதுவரைக்கும் யாரும் எடுத்துப் பார்க்கக் கேட்டதில்ல ஐயா" என்றார். விறாந்தை வாங்கில் கையைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் தமிழில் வாசித்துச் சொன்னேன்.

(தொடரும்)