கொக்கரே பெள்ளூரில் எத்தனை பேர்?

ஸ்ரீரங்கப்பட்டணம் போனவர்கள் ரங்கநாதர் கோயிலையும் கோட்டையையும் பார்த்துவிட்டு, பக்கத்தில் ரங்கனதிட்டுக்கும் போயிருப்பீர்கள். படகில் போனால் பாறை மேல் முதலை வாயைப் பிளந்து கிடக்கும். மரமெல்லாம் பறவைக் கூடு. பறவையியலாளர் சாலிம் அலி எடுத்துச் சொல்லி, 1940இல் சரணாலயமான இடம் அது. அந்தத் திட்டுகளில் மனிதர் யாரும் குடியிருப்பதில்லை.

அதே மண்டியா மாவட்டத்தில், பெங்களூர் சாலையில் மத்தூரைத் தாண்டி உள்ளே போனால் கொக்கரே பெள்ளூர் என்று ஒரு சின்ன ஊர். அருகில் ஷிம்ஷா ஆறு, சுற்றுவட்டாரத்தில் ஏரிகள். இங்கே பறவைகள் தெருவிலேயே குடித்தனம் நடத்துகின்றன. வீட்டு வாசலில் புளியமரம், அதன் உச்சியில் கூழைக்கடா. கீழே பாட்டி ராகி புடைத்துக்கொண்டிருப்பார். ஓட்டின் மேல் வெள்ளை வெள்ளையாக எச்சம். காற்றில் மீன் வாடை. முன்னொரு காலத்தில் பிளேக் நோய்க்குப் பயந்து ஊரே இடம் மாறியபோது பறவைகளும் கூடவே வந்துவிட்டன என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

சரி, இந்த ஊரின் மக்கள்தொகையை எப்படி எண்ணுவது?

மனிதர்களை எண்ண ஒரு நொடியைக் குறித்துவைக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் அது பிப்ரவரி 28 முடிந்து மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு 12 மணி. பதினொன்றே முக்காலுக்குப் பிறந்த பாப்பா கணக்கில் உண்டு; பன்னிரண்டே காலுக்குப் பிறந்த பாப்பா அடுத்த கணக்கெடுப்பு வரை காத்திருக்க வேண்டியதுதான்! ஏன் இந்தக் கறார்? ஊரின் எண்ணிக்கை ஒருநாளும் சும்மா இருப்பதில்லை. பிறப்பும் குடிவரவும் கூட்டும். இறப்பும் வெளியேற்றமும் கழிக்கும். பெரிய நகரத்தில் நாலு குடும்பம் காலி செய்தால் யாருக்கும் தெரியாது. முந்நூறு பேர் இருக்கும் குக்கிராமத்தில் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடே இளைத்துவிடும்.

பறவைக்கும் இதே கூட்டல் கழித்தல்தான். ஆனால் பறக்கிறவற்றை எண்ண முடியாது. ஒன்றையே மூன்று முறை எண்ணிவிடுவோம். அதனால் ஆய்வாளர்கள் கூட்டை எண்ணுகிறார்கள். ஒரு கூட்டுக்கு ஒரு ஜோடி. 100 கூடு என்றால் 200 பெரிய பறவைகள்.

குஞ்சுகளைச் சேர்ப்பதில்தான் சிக்கல். கூழைக்கடா பெரும்பாலும் மூன்று முட்டை இடும். ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கும். குஞ்சு, தாயின் அலகுப் பைக்குள் தலையையே நுழைத்து மீனை எடுத்துத் தின்னும். எல்லாக் குஞ்சும் பிழைப்பதில்லை. கூட்டில் நடக்கும் தள்ளுமுள்ளில் கீழே விழுந்தால், தாய் இறங்கி வந்து ஊட்டாது. அப்படி விழுந்தவற்றை எடுத்து, அடைத்துவைத்து மீன் போட்டு வளர்த்துவிட இந்த ஊரில் ஆட்கள் உண்டு. மனிதர் கை வைத்ததால் மாறிய கழித்தல் கணக்கு அது.

ஊராருக்கும் லாபம் இல்லாமல் இல்லை. மரத்தடியில் குழி வெட்டி எச்சத்தைச் சேர்த்து, ஏரி வண்டலோடு கலந்து வயலுக்கு எருவாகப் போடுகிறார்கள். பறவை நம்மைப்போல் நிறையத் தண்ணீரோடு சிறுநீர் கழிப்பதில்லை. கழிவை யூரிக் அமிலமாக்கி, பசைபோல வெளியேற்றும். எச்சத்தில் தெரியும் வெள்ளை அதுதான். அதில் நைட்ரஜன் ஏராளம். பறவை உட்கார்ந்த மரத்தில் புளி உலுக்க முடியாதே என்று வனத்துறை மரத்துக்காரர்களுக்கு ஒரு தொகையும் கொடுக்கிறது. நம் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்திலும் குளக்கரையில் இதே மாதிரி ஒரு கூட்டுக் குடித்தனம் நடக்கிறது.

எண்ண வேண்டிய நாளை மட்டும் தப்பவிடக் கூடாது. கூழைக்கடாக்கள் மழைக்காலம் முடியும் தறுவாயில் வரத் தொடங்கும். மஞ்சள் மூக்கு நாரைகள் கொஞ்சம் பிந்தி வரும். ஏரித் தண்ணீர் வற்ற வற்ற மீன்கள் ஒரே இடத்தில் நெருங்குமல்லவா? அலகைச் சேற்றுநீரில் துழாவி, மீன் தட்டுப்பட்டதும் கவ்வும் நாரைக்கு அது விருந்துக் காலம். கோடை முற்றியதும் கூட்டம் கிளம்பிவிடும். மார்ச்சில் எண்ணினால் தெரு நிறையப் பறவை. ஆகஸ்டில் எண்ணினால் பூஜ்யம்!

மனிதரை எண்ணுபவர்களுக்கும் இந்தச் சங்கடம் தெரியும். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்தவர்கள், லடாக் போன்ற பனி மூடும் இடங்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1 என்று தனி நாள் வைத்திருக்கிறார்கள்.