பறங்கிமலையில் அளந்த பூமி

கிள்ளான் பக்கம் ரப்பர்த் தோட்டமொன்றில் இருந்த சிற்றாலயத்தின் இடத்தைத் தேடுவதாக வைத்துக்கொள்வோம். லயங்கள் இடிந்து, குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன. சபை ஊழியத்துக்காக வரைபடப் பயிற்சி பெறுகிறவர்கள் பழைய அச்சு வரைபடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகையைப் படித்து, அப்படியே கைப்பேசியில் இட்டுக்கொண்டு போகிறார்கள். போய்ச் சேரும் இடமோ 150 மீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும். படித்தவர்மேல் பிழையில்லை. கைப்பேசியும் கெட்டுப்போகவில்லை. வரைபடமும் கைப்பேசியும் வெவ்வேறு பூமியை வைத்துக் கணக்கிடுகின்றன.

பூமி சரியான உருண்டை அல்ல; நடுவில் சற்றே புடைத்தது. அந்த வடிவத்துக்கு எண் கொடுத்தால்தான் வரைபடம் போட முடியும். தீபகற்ப மலேசியாவின் பழைய வரைபடங்கள் பகாங்கிலுள்ள கெர்தாவை ஆதாரப் புள்ளியாகக் கொண்டவை. அவற்றுக்கு எடுத்துக்கொண்ட பூமி, நில அளவையாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் கணித்த வடிவத்தைச் சற்றுத் திருத்தியது. எவரெஸ்டின் கணக்குக்கோ தமிழ்நாட்டில் தொடங்கிய அளவை முக்கிய ஆதாரம். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி பறங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் எஃகுச் சங்கிலி போட்டு, ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளக் கோட்டை அளக்கத் தொடங்கினார். கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட்டை 1808இல் தஞ்சாவூரில் கோயில் கோபுரத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. பல வாரம் உட்கார்ந்து தட்டி நிமிர்த்தி, மறுபடி வேலையைத் தொடர்ந்தார் லாம்டன். அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது.

அந்த வடிவம் அளந்த நிலத்துக்கு நன்றாகவே பொருந்தியது. ஆனால் முழுப் பூமிக்கும் பொருந்தும்படி அமைத்த ஜி.பி.எஸ். வடிவத்தைவிட, மலேசியாவில் பயன்பட்ட எவரெஸ்ட் வடிவத்தின் நிலநடுக்கோட்டு ஆரம் 833 மீட்டர் குறைவு. மையமும் 850 மீட்டர் அளவுக்கு விலகியது. கிள்ளானில் புள்ளி தள்ளிப்போவது இதனால்தான். மென்பொருளில் கெர்தாவ் கணக்கைத் தேர்ந்தெடுத்து மாற்றினால், புள்ளி உரிய இடத்துக்கு அருகே வந்துவிடும்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தொல்லை வேறு. 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து செயற்கைக்கோள் அனுப்பும் அலை எப்போது வந்து சேர்கிறது என்பதை வைத்தே கைப்பேசி தூரத்தைக் கணிக்கிறது. மைக்ரோ நொடி ஒன்று பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். கேஎல் சென்ட்ரலைச் சுற்றியுள்ள உயர்ந்த கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலை சுற்றுவழியில் வருவதால் தாமதமாகிறது. ஆலய வாசலில் நிற்பவரை எதிர்ச்சாரியில் நிற்பதாகக் கைப்பேசி காட்டலாம். வானம் திறந்த இடத்துக்கு நகர்ந்து, சற்றுப் பொறுத்து, பலமுறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். ஆனால் சந்திக்கப் போகும் மூதாட்டி ஒருவர் குடியிருப்பது எந்த மாடி, அங்கே மின்தூக்கி ஓடுகிறதா என்பதை எந்தச் செயற்கைக்கோளும் சொல்லாது. அதற்கு நோட்டும் பேனாவும் வேண்டும். படியேறிப் போகவும் வேண்டும்.

மிஷனரிகளுக்கு இந்தப் பயிற்சி புதிதல்ல. டேவிட் லிவிங்ஸ்டன் 1852இல் கேப்டவுனில் வானியலாளர் தாமஸ் மெக்லியரிடம், வானத்தைப் பார்த்து இடம் குறிக்கக் கற்றுக்கொண்டு, மறுபடியும் ஆப்பிரிக்காவின் உட்பகுதிக்குப் பயணப்பட்டார்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: வீடுகளின் புள்ளியோடு பெயரையும் நோயையும் சேர்த்துப் பொதுவில் வைக்கக் கூடாது. தோட்டத்து ஆலயம், கோயில், தமிழ்ப்பள்ளி இருந்த இடங்களைத் தாராளமாகக் குறிக்கலாம். உங்கள் வீட்டில் தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்கள் இருந்தால், இந்த வாரமே அவர்களை அங்கே அழைத்துப் போங்கள். அவர்கள் கைகாட்டும் இடத்தில் நின்று புள்ளியைப் பதிவு செய்யுங்கள்.