கடைக்கோடித் தொட்டிக்கும் நீர் எட்டட்டும்

ஆற்றில் நீர் ஓடுகிறது. தெருவில் குழாயும் பதிக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் ஊர் மேல்நிலைத் தொட்டி நிரம்புவதில்லை. கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் கடைக்கோடியில் உள்ள பல சிற்றூர்களின் நிலை இது. இதற்கான விடையைப் பெரும்பாலோரின் கண்ணில் படாத இடைவழி நீருந்து நிலையங்களில் தேட வேண்டும்.

2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரை வழங்குவது அதன் நோக்கம். காவிரி ஓடுவதோ பள்ளத்தாக்கில். ஓசூர் இருப்பதோ கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேலான உயரத்தில். நீர் தானாக மேடேறாது.

ஆற்றங்கரையில் ஒரே பெரிய மோட்டாரை வைத்து ஏற்றிவிட முடியாதா? 10 மீட்டர் உயரமுள்ள நீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் தருகிறது. 300 மீட்டர் ஏற்ற வேண்டுமெனில் அடிவாரக் குழாய் 30 கிலோ அழுத்தத்தைத் தாங்க வேண்டும். இதற்கு மிகவும் தடித்த, விலை கூடிய குழாய்கள் தேவை. தவிர, குழாயின் உட்சுவர் உராய்வும் அழுத்தத்தைத் தின்கிறது. ஒரே குழாயில் இரு மடங்கு நீரைச் செலுத்தினால், உராய்வு இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

எனவேதான் பயணம் படிப்படியாகப் பிரிக்கப்படுகிறது. தரைமட்டத் தொட்டியில் நீரைத் தேக்கி, மற்றொரு மோட்டார் அதை அடுத்த மேட்டுக்கு உந்துகிறது. வழியில் குறைந்துபோன குளோரினை மீண்டும் சேர்ப்பதற்கும் இந்த நிலையங்களே ஏற்ற இடம்.

இதற்கான மின்செலவு எவ்வளவு? 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின் அளவுகோல், நபருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். 1,000 பேர் வாழும் சிற்றூருக்கு 55,000 லிட்டர். இதை 100 மீட்டர் உயர்த்த, மோட்டாரும் பம்பும் சேர்ந்து 60 விழுக்காடு திறனுடன் இயங்கினால் ஏறத்தாழ 25 யூனிட் போதும். பராமரிப்பின்றித் திறன் 40 விழுக்காடாகச் சரிந்தால் அதே நீருக்கு 37 யூனிட்டுக்கு மேல் ஆகும். வழியில் 20 விழுக்காடு கசிந்தால், 25 விழுக்காடு கூடுதலாக உந்த வேண்டும். பராமரிப்பில் மிச்சம் பிடிக்கும் பணம் மின்கட்டணமாகக் கரைகிறது.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நிலையங்கள் சங்கிலியின் கண்ணிகள். ஒன்று அறுந்தால் அதற்கு அப்பாலுள்ள ஊர்கள் அனைத்தும் தவிக்கும். மாற்று மோட்டார் இல்லாமல் ஒரு வாரம் நீர் நின்றால், மக்கள் பழைய ஆழ்துளைக் கிணற்றுக்கே திரும்புவர். எந்தப் புளோரைடிலிருந்து காக்கத் திட்டம் தீட்டப்பட்டதோ, அதே புளோரைடு மீண்டும் குழந்தைகளின் பற்களையும் எலும்புகளையும் தேடி வரும்.

வீட்டு இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சுவோரும் இந்தச் சங்கிலியை அறுக்கின்றனர். அழுத்தம் குன்றிய குழாயின் விரிசல் வழியே கழிவுநீர் உட்புகவும் அது வழிவகுக்கிறது.

புதிய திட்டத்தின் திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் கவனம், பழைய மோட்டாரின் தேய்ந்த உருளைக்குக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் இயங்கும் நிலையில் ஒரு மாற்று மோட்டார், ஆண்டுதோறும் திறன் சோதனை, ஒவ்வொரு கிளைக்குழாயிலும் நீர் அளவி ஆகியவை கட்டாயமாக்கப்பட வேண்டும். அளவியின் கணக்கு கிராம சபையில் வைக்கப்படட்டும். குடிநீர்த் திட்டத்தின் வெற்றியை ஆற்றங்கரையில் எடுத்த நீரைக் கொண்டு அளக்கக் கூடாது. கடைசி ஊரின் தொட்டியில் சேர்ந்த நீரைக் கொண்டே அளக்க வேண்டும்.