"அறுக்காம குடுத்துடுங்க சாமி!"

எந்த அரசு மருத்துவமனையின் மார்ச்சுவரி வாசலிலும் அடிக்கடி கேட்கிற அழுகுரல் இது. கொல்லிமலைக்காரர்களுக்கோ இந்தத் துயரத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. காரவள்ளி அடிவாரம் வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள்! உயிரோடு போகிறவர்களுக்கே தலை சுற்றும் அந்தப் பாதையில், பெற்ற பெண்ணின் உடலைக் கீழே கொண்டு போய், காத்துக் கிடந்து, மறுபடி மேலே கொண்டுவருவது என்றால் லேசான காரியமா? "போன உசுரு போயிடுச்சு. போலீசு கீலீசுன்னு எதுக்கு? விடியறதுக்குள்ள அடக்கம் பண்ணிடலாம்" என்று பெரியவர் ஒருவர் சொன்னால், அழுதுகொண்டிருக்கும் தாயும் தலையாட்டி விடுகிறாள்.

அப்படித் தலையாட்டும்போது எதை இழக்கிறோம் என்பது நம் சகோதரிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு விஷயம். எல்லாச் சாவுக்கும் போஸ்ட்மார்ட்டம் கிடையாது. நோயில் படுத்திருந்து போன பாட்டியை யாரும் அறுக்க வரமாட்டார்கள். மிளகு பறிக்க மரம் ஏறி விழுந்தவர், பாம்பு கடித்தவர், பூச்சிமருந்து குடித்தவர், கிணற்றில் கிடந்தவர், தூக்கில் தொங்கியவர், தீயில் கருகியவர் என்று இயற்கைக்கு மாறாக நேர்ந்த சாவுகளுக்குத்தான் சட்டம் விசாரணை கேட்கிறது. போலீஸ் அதிகாரி ஊர்க்காரர்கள் சிலரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு உடலைப் பார்த்து, காயங்களைக் குறித்து, பிரேத விசாரணை அறிக்கை எழுதுவார். காரணத்தில் சந்தேகம் இருந்தால் உடல் டாக்டரிடம் போகும்.

பெண்களுக்காக இதில் தனி ஏற்பாடே இருக்கிறது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, சந்தேகப்படும்படி இறந்தாலோ, பிரேதப் பரிசோதனையோடு மாஜிஸ்டிரேட் விசாரணையும் நடந்தாக வேண்டும். நம் ஊர்களில் "ஆர்.டி.ஓ. விசாரணை" என்கிறார்களே, அதுதான். வரதட்சணைச் சாவுகள் பெருகிய காலத்தில், 1983-இல் செய்த திருத்தம் இது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்திலும், 194, 196-ஆம் பிரிவுகளில், அப்படியே தொடர்கிறது. அந்த ஏழு வருஷத்துக்குள் இறந்தவளின் பிறந்த வீட்டு உறவினர் ஒருவர் கேட்டாலும் போதும், உடலைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். "நீங்க கேக்க முடியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, உள்ளே என்னதான் செய்கிறார்கள்?

கத்தியை எடுப்பதற்கு முன் டாக்டர் நெடுநேரம் பார்க்கத்தான் செய்கிறார். புடவையில் கிழிசல், நகக்கண்ணில் அழுக்கு, உதட்டில் நுரை எல்லாம் குறிப்பில் ஏறும். உடல் விறைத்திருக்கிறதா, தளர்ந்துவிட்டதா என்பதை வைத்து இறந்த நேரத்தை உத்தேசமாகச் சொல்லலாம். இறந்த பிறகு ரத்தம் பள்ளம் பார்த்து இறங்கித் தேங்கும். அங்கே தோல் கருஞ்சிவப்பாகும். தூக்கில் தொங்கியவளுக்குக் காலிலும் கைவிரல்களிலும் தேங்க வேண்டிய ரத்தம் முதுகில் தேங்கியிருந்தால், அவள் வெகுநேரம் மல்லாந்து கிடந்திருக்கிறாள் என்று அர்த்தம். பிறகு தூக்கி மாட்டியது யார்? கழுத்தின் தடமும் பேசும். தானாகத் தொங்கினால் தடம் பெரும்பாலும் காதுப் பக்கமாகச் சரிந்து ஏறும். பின்னாலிருந்து இறுக்கினால் கழுத்தைச் சுற்றிப் படுக்கையாக ஓடும்.

"ஸ்டவ் வெடிச்சிடுச்சு" என்கிற கதையையும் சோதிக்க வழி உண்டு. உயிரோடு தீயில் சிக்கினவள் புகையை மூச்சில் இழுத்திருப்பாள். மூச்சுக்குழாயில் கரி படிந்திருக்கும். முன்பே கொன்றுவிட்டு எரித்திருந்தால் அங்கே கரி இருக்காது.

அதன் பிறகுதான் கத்தி. கழுத்துக்குக் கீழிருந்து அடிவயிறு வரை ஒரு கீறல். தலையில் காதுக்குக் காது உச்சி வழியாக இன்னொன்று. தைத்த பின் முடி அதை மறைத்துவிடும். முகத்தில் வழக்கமாகக் கத்தி படாது. குளிப்பாட்டி, புதுப்புடவை கட்டி, பூ வைத்து அனுப்பத் தடையே இல்லை. அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணமும் கிடையாது.

"கிட்னியெல்லாம் எடுத்துடுவாங்களாமே?" விஷம் என்று சந்தேகப்பட்டால் இரைப்பையும் அதில் இருந்ததும், குடல், ஈரல், சிறுநீரகம் இவற்றில் கொஞ்சம் கொஞ்சமும் சோதனைக்காக எடுப்பது உண்மை. அவற்றை எதில் போட்டு வைக்கிறார்கள் தெரியுமா? நாம் மாவடு போடுகிற மாதிரி, கரைகிற மட்டும் கரைத்த உப்புத் தண்ணீரில்! ஃபார்மலினில் போட்டால் விஷத்தைக் கண்டுபிடிப்பது கெட்டுவிடும். சீல் வைத்த பாட்டில்கள் தடய அறிவியல் கூடத்துக்குப் போகும். அந்த முடிவு வர வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். இந்தத் தாமதம் மட்டும் எனக்குச் சமாதானமாகவில்லை.

விஷம் தேடுவதில் நம் சென்னைக்குப் பழைய பெயர் உண்டு. 1849-இலேயே இங்கே ரசாயனப் பரிசோதனைக்கூடம் வந்துவிட்டது. அதற்கும் முன்னால், 1693-இல், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஜேம்ஸ் வீலர் என்ற கவுன்சில் அங்கத்தினர் மருந்து சாப்பிட்டதும் இறந்துபோனார். எட்வர்ட் பல்க்லி என்ற டாக்டர் உடலை அறுத்துப் பார்த்தார். நடந்தது இதுதான்: மருந்துக்கு முத்தை இடித்த அதே கல்வத்தில் முன்பு பாஷாணத்தை இடித்திருக்கிறார்கள், சுத்தம் செய்யவில்லை! பதிவாகியுள்ள வகையில் இந்தியாவின் முதல் பிரேதப் பரிசோதனை இதுவே என்கிறார்கள்.

பரிசோதனை குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பது போலவே, குற்றமற்றவர்களையும் காப்பாற்றும். கட்டுவிரியன் கதையைக் கேளுங்கள். தரையில் படுத்துத் தூங்குகிறவளை அது ராத்திரியில் கடிக்கும். வலி அதிகம் தெரியாது, பல் தடமும் ஊசி குத்தினாற்போல்தான். விடியற்காலம் வயிற்றுவலி, வாந்தி, இமை சொருகல். பிறகு மூச்சு நின்றுவிடும். ஊர் என்ன சொல்லும்? "மருந்தைக் குடிச்சிட்டா" என்னும், இல்லையேல் "மாமியார் எதையோ குடுத்துட்டா" என்னும். டாக்டர் உடலை அங்குலம் அங்குலமாகப் பார்த்தால்தான் அந்த மாமியாருக்கு விடுதலை.

நாமக்கல் மாவட்டத்திலேயே 2015-இல் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் ஓர் இளைஞரின் உடல் கிடந்தது. முதலில் தற்கொலை என்றே பேச்சு. பரிசோதனைக்குப் பிறகு அது கொலை வழக்காக மாறியது. மகனை இழந்த தாய் விடவில்லை. 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அன்று அவசரமாக உடலை எரித்திருந்தால்?

அப்படியொரு நேரம் எந்த வீட்டுக்கும் வர வேண்டாம். வந்துவிட்டால், போலீஸ் வரும்வரை உடலைக் குளிப்பாட்டாதீர்கள். உயிர் போனது நிச்சயம் என்றால் தூக்குக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்காதீர்கள். உயிர் இருக்கும் என்று தோன்றினால் கயிற்றை முடிச்சுக்குத் தள்ளி அறுத்து, முதலில் ஆளைக் காப்பாற்றுங்கள். வாந்தியைத் துடைக்காதீர்கள், குடித்த டம்ளரையும் மருந்து டப்பாவையும் கழுவாமல் அப்படியே ஒதுக்கி வையுங்கள். ஏற்கெனவே புதைத்துவிட்டார்களா? மாஜிஸ்டிரேட் உத்தரவிட்டால் தோண்டி எடுத்தும் பரிசோதிக்கலாம்.

பொழுது சாய்ந்தால் பரிசோதனை இல்லை என்ற பழைய முறையை 2021 நவம்பரில் மத்திய அரசு தளர்த்தியது. விளக்கும் வசதியும் உள்ள மருத்துவமனைகளில் இரவிலும் செய்யலாம். கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவற்றை மட்டும் பொதுவாகப் பகலில்தான் செய்வார்கள். எனவே மலையிலிருந்து தகவல் சொல்வதைக் காலையிலேயே சொல்லிவிட்டால் அலைச்சல் ஒரு நாள் குறையும்.

காரியம் முடிந்த கையோடு முதல் தகவல் அறிக்கை, பரிசோதனை அறிக்கை இரண்டின் நகலுக்கும் எழுதிக் கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மரத்திலிருந்து விழுந்தவரின் மனைவி விபத்துக் காப்பீடு கேட்டுப் போனால், வழக்கமாக அங்கே முதலில் கேட்பது இந்தக் காகிதங்களைத்தான்.