ரயில் போன பாதையில் சைக்கிள்!

சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் வாரம் உங்கள் வீட்டில் என்ன சொன்னார்கள்? 'தெருமுனையைத் தாண்டாதே... மெயின் ரோடு பக்கமே போகாதே!' எல்லா வீட்டிலும் இதே பாட்டுதான். சொல்கிறவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று, பஸ்சுக்கும் லாரிக்கும் நடுவே பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடப்பதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். கடைசிப் பிள்ளை அந்தப் பக்கம் போய்ச் சேரும் வரை எனக்கு மூச்சு சீராக வராது.

கார், பஸ், லாரி, மோட்டார் சைக்கிள் எதுவுமே வராத சாலை ஒன்று இருந்தால் எப்படி இருக்கும்? நூறு அடி, இருநூறு அடி அல்ல. முழுசாக 44 கிலோமீட்டர்! அப்படி ஒரு சாலை பிரான்ஸ் நாட்டில் இருக்கிறது.

பிரான்சின் கிழக்குப் பக்கத்தில், பாரிசுக்கும் லியோன் நகரத்துக்கும் நடுவில் இருப்பது பர்கண்டி. அந்த ஊர்க்காரர்கள் 'பூர்கோஞ்' என்பார்கள். 2016ல் பக்கத்துப் பகுதியோடு சேர்த்து ஒரே மாநிலம் ஆக்கிவிட்டார்கள். பழைய பெயர் மட்டும் போகவில்லை. ஒரு பக்கம் திராட்சைத் தோட்டம், ஒரு பக்கம் சோன் ஆற்றுச் சமவெளி, ஒரு பக்கம் காடு அடர்ந்த மோர்வான் மலை, இன்னொரு பக்கம் வெள்ளை வெளேர் என்ற ஷரோலே மாடுகள் மேயும் புல்வெளி... நான்கு பக்கமும் நான்கு விதம்!

இங்கே ஜிவ்ரி என்ற சிற்றூரிலிருந்து குளூனி என்ற பழைய ஊர் வரை முன்பு ரயில் ஓடியது. நாளடைவில் காரும் லாரியும் பெருகின. ரயிலில் ஏற ஆள் குறைந்தது. கடைசியில் ரயில் நின்றே போனது. தண்டவாளத்துக்கு நடுவே முட்செடி முளைத்தது. இந்தப் பாதையை என்ன செய்வது?

தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வழவழ என்று தார் போட்டார்கள். 1997ல் திறந்தார்கள். 'வுவா வெர்த்' என்று பெயர். 'பச்சை வழி' என்று பொருள். பிரான்சின் முதல் பச்சை வழி இதுதான். சைக்கிள் போகலாம், நடக்கலாம், ஸ்கேட்டிங் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடலாம். மோட்டார் வண்டிக்கு மட்டும் இடம் இல்லை. 2004ல் பிரான்சின் சாலை விதிகளிலேயே 'பச்சை வழி' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டார்கள்.

ரயில் பாதையில் சைக்கிள் ஓட்டுவதில் ஒரு பெரிய லாபம் உண்டு. என்ன தெரியுமா? மேடு கிடையாது! இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருள்கிறது அல்லவா? செங்குத்தாக ஏறச் சொன்னால் வழுக்கும். அதனால் ரயில் பாதை போட்டவர்கள் குன்றை வெட்டினார்கள், பள்ளத்தை மண் கொட்டி உயர்த்தினார்கள், வளைத்து வளைத்துக் கொண்டுபோனார்கள். அன்று என்ஜினுக்காகப் பட்ட பாடு, இன்று எட்டு வயதுப் பிள்ளையின் கால் முட்டிக்குச் சுகமாக இருக்கிறது.

வழியில் புஸ்ஸி, கோர்மத்தான் என்று பழைய ஸ்டேஷன் இருந்த ஊர்கள் வரும். பிளாட்பாரம் அப்படியே இருக்கும் இடங்களும் உண்டு. ரயில் மட்டும் வராது.

லெவல் கிராசிங்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரயில் ஓடிய காலத்தில் கேட் மூடும். கார்கள் வரிசையாக நின்று காத்திருக்கும். இப்போது தலைகீழ்! அதே இடத்தில் கார் விர்ரென்று போகிறது. சைக்கிள்காரர்தான் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்க வேண்டும். கார் உள்ளே நுழையாமல் இருக்கத் தடுப்புக் கம்பங்கள் வைத்திருக்கிறார்கள். இந்தப் பாதையில் பயப்பட வேண்டிய இடம் இப்படிச் சாலையைக் கடக்கும் இடம்தான். பத்து கிலோமீட்டர் நிம்மதியாக வந்த பிள்ளைக்குச் 'சாலை' என்ற நினைப்பே போயிருக்கும் அல்லவா?

'பாதையை எடுத்தது தப்பு, ரயிலையே திரும்ப ஓட்டியிருக்க வேண்டும்' என்று சொல்பவர்களும் பிரான்சில் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. சைக்கிள் மிதிக்க முடியாத தாத்தா பாட்டி எதில் போவார்கள்?

சரி, குளூனிக்கு வந்துவிட்டோம். இங்கே 910ஆம் ஆண்டில் ஒரு கிறிஸ்தவ மடம் தொடங்கினார்கள். 1088ல் கட்டத் தொடங்கிய அதன் கோயில் 187 மீட்டர் நீளம்! ரோமில் புனித பேதுரு கோயிலைப் புதிதாகக் கட்டும் வரை கிறிஸ்தவ உலகத்திலேயே பெரியது இதுதான். 1789 பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கோயிலை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் இடித்துக் கல் கல்லாக விற்றார்கள். இன்று நிற்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குளூனிக்குத் தெற்கே ஒரு ரயில் குகையும் இருக்கிறது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்!

ரயிலைப் போலவே மேட்டை வெறுக்கும் இன்னொரு ஆள் யார்? தண்ணீர்! பர்கண்டியில் பழைய கால்வாய்கள் நிறைய. 'பர்கண்டி கால்வாய்' மட்டும் 242 கிலோமீட்டர். என்ஜின் இல்லாத காலத்தில் படகைக் கயிறு கட்டி இழுத்தார்கள். குதிரை இழுக்கும், சில இடங்களில் மனிதர்களே இழுப்பார்கள். இழுப்பவர் நடக்கக் கரையில் பாதை வேண்டுமே! அந்தப் பாதைகளில் பெரும்பகுதி இப்போது சைக்கிளுக்கு வந்துவிட்டது.

குன்று வந்தால் படகு எப்படி ஏறும்? அதற்கு 'லாக்' என்ற தொட்டி. முன்னும் பின்னும் பெரிய கதவு. படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை மூடுவார்கள். மேலிருந்து தண்ணீரை விடுவார்கள். தண்ணீர் உயர, படகும் உயரும். மேல்மட்டத்துக்கு வந்ததும் முன்கதவைத் திறந்தால் படகு நகர்ந்துவிடும். படிக்கட்டு போலத்தான்! பர்கண்டி கால்வாயில் இப்படி 189 படி. லாக் இருக்கும் இடத்தில் மட்டும் சைக்கிளுக்கும் சின்ன ஏற்றம் வரும். மற்றபடி மேசை போலச் சமதரை. ஆனால் பல இடங்களில் தண்ணீர் ஓரத்தில் கைப்பிடிச் சுவர் இருக்காது. அங்கே பந்தயம் விட்டால் மீனோடுதான் போய்ச் சேர வேண்டும்!

'மத்தியக் கால்வாய்' என்று இன்னொன்று உண்டு. அது முடியும் திகுவான் என்ற ஊரில் ஒரு வேடிக்கை. கீழே லுவார் ஆறு ஓடுகிறது. அதன் மேல் பாலம். பாலத்தின் மேல் பஸ்சா போகிறது? இல்லை, தண்ணீர் போகிறது. தண்ணீரில் படகு போகிறது! ஆற்றுக்கு மேலே கால்வாயைத் தூக்கிக்கொண்டு போகும் இந்தப் பாலத்தை 1838ல் கட்டி முடித்தார்கள். அட்லாண்டிக் கடற்கரையில் தொடங்கிக் கருங்கடல் வரை போகும் 'யூரோவெலோ 6' என்ற நெடுந்தூர சைக்கிள் வழி இந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது.

மூன்றாவது வகைப் பாதை திராட்சைத் தோட்டத்துக்குள். போன் என்ற ஊரிலிருந்து (டெலிபோன் இல்லை, ஊரின் பெயரே அதுதான்!) சான்ட்னே வரை சுமார் இருபது கிலோமீட்டர். இந்தத் தோட்டங்களை 2015ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இங்கே ஏற்ற இறக்கம் உண்டு, டிராக்டரும் வரும். அறுவடைக் காலத்தில் நிறையவே வரும். அவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு வேலை செய்கிறவர்கள். அதனால் சைக்கிள்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். என்னைக் கேட்டால் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு ரயில் பாதைதான் நல்லது.

பிரான்சில் 2017 மார்ச் 22 முதல் ஒரு சட்டம். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் சைக்கிளில் ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும். பின்னால் உட்கார்ந்து போனாலும்தான். போடாவிட்டால் 135 யூரோ அபராதம். கட்ட வேண்டியது யார் தெரியுமா? கூட வந்த பெரியவர்! 2019 முதல் அங்கே ஆறு வயது முதல் பதினொரு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குச் சைக்கிள் பாடமும் உண்டு. மொத்தம் பத்து மணி நேரம். முதலில் விழாமல் மிதிக்க வேண்டும், பிறகு மூடிய மைதானத்தில் சாலைக் குறிகளைப் பார்த்து ஓட்ட வேண்டும், கடைசியில் உண்மையான சாலையில் ஓட்ட வேண்டும். பச்சை வழி எல்லோர் வீட்டு வாசலுக்கும் வராதே!

இப்போது அந்தக் குகை. குளூனியைத் தாண்டிப் 'புவா கிளேர்' என்ற குன்று குறுக்கே நிற்கிறது. ரயிலுக்காக அதன் வயிற்றைக் குடைந்தார்கள். நீளம் சுமார் 1,600 மீட்டர். விளக்கு உண்டு. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே சில்லென்று இருக்கும்.

குகையைத் தாண்டிப் போனால் திராட்சைச் சரிவுகளுக்கு மேலே, கப்பலின் முன்பக்கம் போல நிமிர்ந்து நிற்கும் சொலுத்ரே பாறை தெரியும். அதன் அடியில் ஆதிகால மனிதர்கள் வேட்டையாடிய காட்டுக் குதிரைகளின் எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. குதிரைகளை உச்சியிலிருந்து துரத்தித் தள்ளினார்கள் என்று 1872ல் ஒரு நாவலில் எழுதிவிட, எல்லோரும் அதையே நம்பினார்கள். ஆராய்ந்து பார்த்தால், எலும்பு கிடந்த இடம் உச்சியிலிருந்து விழுந்தால் வந்து சேரும் இடமே அல்ல! குதிரைகள் பாறையடியைக் கடந்து போகும்போதுதான் வேட்டையாடியிருக்கிறார்கள்.

குளிர்காலம் வந்தால் இந்தக் குகையை மூடிவிடுகிறார்கள். இடிந்து விழும் என்ற பயமா? இல்லை. உள்ளே வௌவால்கள் தூங்குகின்றன! ஐரோப்பாவின் குளிரில் பூச்சி பறக்காது. பூச்சி தின்னும் வௌவாலுக்குச் சாப்பாடு கிடையாது. அதனால் இலையுதிர்காலத்தில் தின்று சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டு, உடம்பைக் குளிரவிட்டு, இதயத் துடிப்பையும் குறைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தொங்கும். பல வகை வௌவால்கள் பத்து கிராம்கூட எடை இருக்காது. நடுவில் யாராவது மணி அடித்து எழுப்பினால், உடம்பைச் சூடாக்கிக்கொள்ளவே சேர்த்து வைத்த கொழுப்பு கரைந்துவிடும். சில முறை அப்படி எழுந்தால் வசந்தம் வரை உயிர் தாங்காது.

அதனால் அந்த மாதங்களில் சைக்கிள்காரர்களுக்கு மாற்று வழி. குன்றின் மேல் ஏறி இறங்க வேண்டும். அது ரயில் பாதை இல்லை, நிஜமான ஏற்றம்! மூச்சு வாங்கும், வாயிலிருந்து புகை புகையாக வரும். அவர்கள் காலுக்குக் கீழே, பாறைக்குள், இருட்டில் வௌவால்கள் தலைகீழாகத் தூங்கிக்கொண்டிருக்கும். வசந்தம் வந்து பூச்சிகள் பறக்கத் தொடங்கியதும் அவை வெளியே போய்விடும். பிறகு குகையின் கதவு மறுபடி சைக்கிளுக்குத் திறக்கும்.