கடற்கரை மேடைக்குச் சில நவீன நாடகங்கள்

தமிழில் நவீன நாடகம் மேடையேறுவதற்கு முன்பே அச்சேறிவிட்டது. 1960களின் இறுதியில் ந. முத்துசாமி எழுதிய 'காலம் காலமாக' வெளிவந்தது 'நடை' என்ற சிற்றிதழில்தான். அதை நடிப்பதற்கான குழு அப்போது இல்லை. குழுக்கள் பிறகு வந்தன: 1977இல் சென்னையில் முத்துசாமியின் கூத்துப்பட்டறை, 1978இல் அங்கேயே ஞாநியின் பரீக்ஷா, அதே ஆண்டில் மதுரையில் மு. இராமசுவாமியின் நிஜ நாடக இயக்கம். 1977இல் காந்திகிராமத்தில் சே. இராமானுஜம் நடத்திய நாடகப் பயிலரங்கு இவர்களில் பலருக்குத் திசை காட்டியது. இந்த அரை நூற்றாண்டில் எழுதப்பட்ட நாடகங்கள் ஒரு சிறு நூலகத்தை நிரப்பும். ஆனால் சென்னை, மதுரை, தஞ்சாவூர், புதுச்சேரி போன்ற சில ஊர்களைத் தாண்டி அவை மேடை கண்டது குறைவு.

குமரி மாவட்டக் கடற்கரையில் நிலைமை தலைகீழ். அங்கே மேடை இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, பிரதிதான் தட்டுப்பாடு. கடியப்பட்டணம், முட்டம், குளச்சல் என்று நீளும் கரையில் பங்குத் திருவிழாவோடு நாடகம் போடும் வழக்கம் பழையது. விவிலியக் கதை, புனிதர் வரலாறு, கண்ணீர் பெருக்கும் குடும்பக் கதை ஆகியவையே பெரும்பாலும் மேடைக்கு வந்திருக்கின்றன. ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் 1752இல் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் கதை இங்கே மட்டுமல்ல, கடல் கடந்து யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கூத்திலும் இடம்பிடித்தது. பாடவும் அழவும் கூட்டமாக நின்று பேசவும் பழகிய இந்த மேடைக்கு நவீன நாடகம் அந்நியம் என்று நினைப்பது தவறு. நல்ல நவீன நாடகங்கள் பல, நகரத்துக் குளிர்சாதன அரங்கைவிட இத்தகைய திறந்தவெளிக்கே பொருந்துகின்றன.

முதலில் சொல்லவேண்டிய நாடகம் ஈழத்திலிருந்து வருகிறது. 'மஹாகவி' என்ற புனைபெயரில் எழுதிய து. உருத்திரமூர்த்தியின் (1927–1971) 'புதியதொரு வீடு' ஒரு மீனவக் குடும்பத்தின் கதை. கடலுக்குப் போன மாயன் திரும்பவில்லை. இறந்துவிட்டான் என்று ஊர் முடிவுகட்டுகிறது. அவன் மனைவி மயிலி காலப்போக்கில் அவனுடைய தம்பி மாசிலனோடு புது வாழ்வு தொடங்குகிறாள். பிறகு ஒரு நாள் மாயன் வந்து நிற்கிறான். மூவரில் யாரும் குற்றவாளி இல்லை என்பதுதான் நாடகத்தின் பலம். வில்லன் இல்லாமல் இத்தனை இறுக்கமாகக் கதை நடத்துவது எளிதல்ல. வசனம் முழுவதும் கவிதை, ஆனால் பேச்சின் ஓசையில் நடக்கும் கவிதை. வாய்விட்டுப் படித்தால்தான் அதன் தாளம் பிடிபடும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்த பிறகு குமரிக் கரையில் இந்த நாடகத்துக்கு வேறு கனம் வந்துவிட்டது. உடல் கிடைக்காத மரணங்கள் அப்போது பல. ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகள் தகவலே இல்லாவிட்டால்தான் அவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது பொதுவான சட்ட விதி. அந்த இடைக்காலத்தில் மனைவி எந்த நிலையில் நிற்கிறாள் என்ற கேள்வியைச் சட்டம் எழுப்புவதில்லை. மஹாகவி எழுப்புகிறார். நடிகர்கள் சிலர் போதும். காட்சியமைப்புக்கு ஒரு குடிசை முகப்பும் வலையும் போதும். ஈழத்து வழக்கில் உள்ள சொற்களைக் குமரி வழக்குக்கு மாற்ற ஆசை வரும். யாப்பு குலையும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

இதே பின்னணியில் இன்னொரு ஈழத்து நாடகம் ஏ. தாசீசியஸின் 'பொறுத்தது போதும்'. மீன்பிடித் தொழிலாளர்களையும் அவர்களைச் சுரண்டும் சம்மாட்டியையும் எதிரெதிரே நிறுத்துவது. கூத்தின் ஆட்டமும் பாட்டும் கலந்தது. இளைஞர் கூட்டம் பெரிதாக உள்ள ஊருக்கு ஏற்றது. 'புதியதொரு வீடு' அளவுக்கு மனித மனத்தின் உள்ளே போவதில்லை, ஆனால் மேடையில் வேகம் கொண்டது.

குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதியவற்றில் 1985இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைஞர்கள் மேடையேற்றிய 'மண் சுமந்த மேனியர்' பெரும்புகழ் பெற்றது. அது அந்தக் காலத்தோடும் அந்த மண்ணின் அரசியலோடும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்கிறது. குமரியில் போடுவதற்கு அவருடைய 'எந்தையும் தாயும்' பொருத்தம். பிள்ளைகள் வெளிநாடு போய்விட, வீட்டில் தனித்துவிடப்பட்ட முதியவர்களைப் பற்றியது. வளைகுடா நாடுகளுக்கு ஆள் அனுப்பிப் பழகிய மாவட்டத்தில் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது. வயதான பாத்திரங்களுக்கு இளைஞர்களின் தலையில் பவுடர் போட்டு நரையாக்குவதைவிட, ஊரில் உள்ள முதியவர்களையே நடிக்க அழைக்கலாம்.

தமிழ்நாட்டு நாடகங்களில் இந்தக் கரைக்கு மிக நெருக்கமானது சே. இராமானுஜத்தின் 'வெறியாட்டம்'. கிரேக்கக் கவி யூரிப்பிடிஸ் கி.மு. 415இல் படைத்த 'டிராய் நகரப் பெண்கள்' இதன் மூலம். போர் முடிந்துவிட்டது, ஆண்கள் மாண்டுவிட்டார்கள், மிஞ்சிய பெண்கள் அடிமைகளாகப் பிரிக்கப்படக் காத்திருக்கிறார்கள். கதை என்று சொல்ல அதற்குமேல் அதிகம் இல்லை. இராமானுஜம் இந்தக் காத்திருப்பைத் தமிழ் ஒப்பாரியின் கட்டுக்குள் கொண்டுவந்தார். கிரேக்கக் குழுப்பாடகர்களின் இடத்தில் மாரடித்து அழும் பெண்கள் வந்தார்கள். படிக்கும்போது இதன் முழு வலிமை தெரியாது. பாட்டும் உடலசைவும் சேர்ந்தால்தான் தெரியும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கண்ட ஊர்களில் இப்படிப்பட்ட ஒப்பாரியை நடிப்பாக்குவது கூசச் செய்யும் காரியம்தான். ஒப்பாரி தெரிந்த பெண்களின் சம்மதமும் பங்கும் இல்லாமல் இதைத் தொடக்கூடாது.

கடலில் மகனை இழந்த தாயைப் பற்றி உலக நாடகத்தில் பேர்பெற்ற படைப்பு, அயர்லாந்தின் ஜே.எம். சிங் எழுதி 1904இல் மேடையேறிய 'ரைடர்ஸ் டு த ஸீ'. அரை மணி நேரத்தில் முடியும் ஓரங்கம். மோர்யா என்ற கிழவி தன் ஆண்மக்களை ஒவ்வொருவராகக் கடலுக்குக் கொடுத்தவள். இறுதி மகனும் போன பிறகு கடலால் தன்னை இனி எதுவும் செய்ய முடியாது என்ற விசித்திரமான அமைதிக்கு வந்துசேர்கிறாள். தமிழாக்கிப் போட நினைப்பவர்கள் அயர்லாந்துப் பெயர்களை அப்படியே வைத்தாலும் குறை வராது.

கடல் இல்லாத நாடகங்களில் கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' (1980) முன்னால் வரும். கே. பாலசந்தர் 1981இல் எடுத்த படம் பலர் நினைவில் இருப்பதால் நாடகத்தை யாரும் தேடுவதில்லை, இழப்பு படிக்காதவர்களுக்குத்தான். குடிநீர் இல்லாத அத்திப்பட்டி என்ற ஊரும், அங்கே வந்துசேர்ந்து மாட்டுவண்டியில் நீர் கொண்டுவர வழிசெய்யும் ஒரு தலைமறைவு மனிதனும், குறுக்கே நிற்கும் அதிகாரமும் கதை. இதில் ஊரே ஒரு பாத்திரம். இருபது முப்பது பேர் நடிக்க ஆசைப்படும் ஊருக்கு இதைவிட ஏற்ற பிரதி குறைவு.

இந்திரா பார்த்தசாரதியின் நாடகங்கள் படிக்க எளிதானவை. 'மழை' ஒரே வீட்டுக்குள், சில பாத்திரங்களோடு, தந்தையைப் பார்த்துக்கொள்வதிலேயே வாழ்வைக் கழித்த மகளைப் பற்றிப் பேசுகிறது. கல்லூரி மாணவர்களின் முதல் முயற்சிக்கு நல்லது. 'ஔரங்கசீப்' வசனத்தில் வலுவானது, உடைச் செலவு பிடிக்கும். 'நந்தன் கதை'யில் பக்திக்கதை சாதிச் சூழ்ச்சியின் கதையாகப் புரட்டப்படுகிறது. ஆட்டக்கலைஞர்கள் கிடைத்தால் இதை எடுக்கலாம். அவர்கள் இல்லாமல் வெறும் வசனமாகப் போட்டால் பாதி நாடகம் போய்விடும்.

ந. முத்துசாமியின் 'நாற்காலிக்காரர்', 'சுவரொட்டிகள்' ஆகியவற்றைப் பற்றி 'புரியவில்லை' என்ற புகார் அன்றிலிருந்து உண்டு. புகாரில் நியாயமும் உண்டு. பேச்சு சுற்றிச் சுற்றி வரும், கதை நகராது. ஆனால் அணி பிரிந்து கத்தும் கூட்டத்தையும் அதை வேடிக்கை பார்ப்பவனையும் வைத்து 'நாற்காலிக்காரர்' செய்யும் அரசியல் கிண்டல், தேர்தல் காலத்தில் போட்டால் எவருக்கும் புரியும். புதிய குழு இதில் தொடங்காமல் இரண்டு மூன்று நாடகங்கள் போட்ட பிறகு இதற்கு வருவது உத்தமம்.

கே.ஏ. குணசேகரனின் 'பலி ஆடுகள்' தலித் அரங்கின் தொடக்கம் என்று கொள்ளப்படுவது, சுருக்கமானது, கூர்மையானது. இன்குலாப் எழுதி அ. மங்கை இயக்கிய 'ஔவை', திரைப்படம் பதியவைத்த கோலூன்றிய கிழவியை விலக்கிவிட்டு, அதியமானோடு கள்ளருந்திய பாணர்குலப் பெண்ணை மேடைக்குக் கொண்டுவருகிறது. பெண்கள் மட்டுமே உள்ள குழுவும் இதைக் கையாளலாம். சிரிக்க வைக்கும் நாடகம் வேண்டுமென்றால் சுஜாதாவின் 'கடவுள் வந்திருந்தார்' இருக்கிறது. ஓய்வுபெற்ற ஒருவரின் கண்ணுக்கு மட்டும் தெரியும் எதிர்கால மனிதன், அவரைப் பைத்தியம் என்று முடிவுசெய்யும் வீடு. பூர்ணம் விசுவநாதன் குழு போட்ட காலத்திலிருந்து இன்றுவரை கைதட்டல் வாங்கும் பிரதி. சிறுவர்களுக்கு வேலு சரவணனின் 'கடல் பூதம்'. பார்க்கும் குழந்தைகளையும் ஆட்டத்துக்குள் இழுத்துப்போடுவது அவர் பாணி. அது கைவரவில்லையென்றால் அந்த நாடகம் வெறும் பூதக்கதையாகிவிடும்.

பிரதிகள் கிடைப்பது அத்தனை கடினமல்ல. முத்துசாமி, இந்திரா பார்த்தசாரதி நாடகங்கள் தொகுப்பாக வந்துள்ளன. ஈழத்துப் பிரதிகள் பலவற்றை 'நூலகம்' என்ற இணைய ஆவணகம் இலவசமாகத் தருகிறது. பிரதி கிடைத்ததும் ஒத்திகைக்குப் பாயாமல், குழுவாக உட்கார்ந்து இரண்டு மூன்று முறை உரக்கப் படிப்பது வழக்கமாகவேண்டும். கடற்கரையில் இன்னொரு நடைமுறைச் சிக்கல் உண்டு. காற்றும் அலையும் மெல்லிய குரலை விழுங்கிவிடும். மேடை ஓரத்தில் நிறுத்திய மைக்கை நோக்கி நடிகர்கள் ஓடினால் காட்சி சிதறும். 'மழை' போன்ற தணிந்த குரல் நாடகங்களைப் பள்ளி அரங்கிலும், 'தண்ணீர் தண்ணீர்' போன்ற கூட்ட நாடகங்களை வெளியிலும் வைத்துக்கொள்வது இதற்கு வழி.

அனுமதி பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமையைக் காக்கிறது. சிங் 1909இலேயே மறைந்துவிட்டதால் அவர் நாடகத்துக்கு யாரையும் கேட்கவேண்டியதில்லை. கட்டணமில்லாமலோ மத நிறுவனத்தின் நன்மைக்காகவோ தொழில்முறை அல்லாத குழுக்கள் நடத்தும் நாடகத்துக்கு அதே சட்டம் விலக்கும் தருகிறது. திருவிழா மேடைக்கு இது பொருந்தும். ஆனால் பிரதியை மாற்றி எழுதுவதற்கு இந்த விலக்கு இல்லை. காவல்துறையிடம் பிரதியைக் காட்டி அனுமதி வாங்கச் சொன்ன 1954ஆம் ஆண்டு தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. ஒலிபெருக்கிக்கான அனுமதி மட்டும் வழக்கம்போல் வாங்கவேண்டும்.